ரெக்சின் ஒட்டத் தெரியாத வாத்தியார்

(நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். என்னோடு வேலை பார்த்த ஆசிரிய நண்பர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள். சண்டையே உங்களோடுதான்.)

போன வாரம் ஓய்வூதியர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். காபி வந்தது, வடை வந்தது, அகவிலைப்படி பற்றிய பேச்சு வந்தது. அதற்குப் பிறகு ஒரு மூத்த நண்பர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்:

"என்ன வே, பென்ஷன் வாங்குத வாத்தியாரு, பைக் சீட்டுத் தைக்கிறவன் கடையில தரையில உக்காந்து பசை தடவிக்கிட்டு இருந்தீராமே? பாத்தவங்க சொல்லுதாங்க. வீட்டுல பிள்ளைகள் ஒழுங்கா பாக்கலையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே கோபம் தாமதமாகத்தான் வரும். இந்தப் பதிவு அவருக்கான பதில். அவரைப் போல நினைக்கிற எல்லாருக்கும், முப்பது வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்து.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பேரன் கல்லூரியில் படிக்கிறான். கிட்டார் வாசிப்பான். எலெக்ட்ரிக் கிட்டார் தானாகச் சத்தம் போடாது. கம்பியின் அதிர்விலிருந்து கிட்டாரில் உண்டாகும் மின்சாரத்தைப் பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டு வந்தவன், "நானே செஞ்சுக்கிடுதேன் தாத்தா" என்றான். ஒரு ஐ.சி. போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 10 அங்குல ஸ்பீக்கர், 18 மில்லிமீட்டர் பிளைவுட். இரண்டு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து சால்டர் வைத்தான். பெட்டியை அறுத்து, பசை போட்டு, திருகு ஏற்றினான். 20 அங்குல அகலம், 18 அங்குல உயரம், 10 அங்குல ஆழம். சுவிட்சைப் போட்டு முதல் கம்பியைத் தட்டியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அதோடு நிறுத்திவிட்டான். பச்சைப் பிளைவுட் பெட்டி, முன்னால் திறந்து கிடக்கும் ஸ்பீக்கர், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் திருகுத் தலைகள். "மேல ஒண்ணும் போடலையாடே?" என்று கேட்டேன்.

"சத்தம் வருதுல்லா தாத்தா, பெறவு என்ன? மேல போடுறதெல்லாம் சும்மா ஷோவுக்கு."

ஐப்பசி மழை வந்தது. ஜன்னல் ஓரம் கிடந்த பெட்டியின் கீழ் ஓரம் ஈரம் குடித்து, பிளைவுட்டின் அடுக்கு வாய் பிளந்தது. சிராய் குத்தி என் மனைவியின் சேலை கிழிந்தது. பேரன் தன் நண்பர்களோடு ஒரு நிகழ்ச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, ஆட்டோவில் எதிலோ இடித்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஓட்டை விழுந்தது. முன்னால் ஒரு துணி இருந்திருந்தால், அந்தத் துணிக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால், அந்த ஓட்டை விழுந்திருக்காது. ஷோவுக்கு என்று அவன் சொன்னானே, அந்த வேலையைச் செய்யாததன் விலை ஒரு புது ஸ்பீக்கர்.

"நீ படி, நான் முடிச்சுத் தாரேன்" என்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன், ஒரு பெட்டிக்கு ரெக்சின் ஒட்ட முடியாதா என்ற திமிர்.

திருகுக் குழிகளில் பட்டி வைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு ரெக்சின் 2 மீட்டர் வாங்கி வந்தேன். வீட்டில் இருந்த வெள்ளை மரப்பசையைப் பெட்டியில் தடவி, ரெக்சினைச் சுற்றி ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கினேன். மறுநாள் பார்த்தால் பக்கவாட்டில் மூன்று கொப்புளம். மூலைகளில் ரெக்சின் கொசகொசவென்று மடிந்து, என் முழங்கைத் தோலைப் போலவே இருந்தது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததுதான் வலித்தது.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஜங்ஷன் பக்கம், பைக் சீட்டு கவர் தைக்கிற கடை. கடைக்காரர் என்னிடம் படித்தவர். நான் மறந்திருந்தாலும் அவர் மறக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பரப்பளவுக் கணக்கு வராமல் பெஞ்சு மேல் நின்றவர். ஒருநாள் வகுப்பில் அவரைப் பார்த்து நான் சொன்ன வாசகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு."

இதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியர்கள் நாம் எல்லாரும் சொன்ன வாசகம்தானே இது? சொல்லாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், பசைய ஒரு பக்கந்தான தடவுனீங்க?"

"ஆமா."

"அதான். ரப்பர் பசை வாங்கணும். மரத்துலயும் தடவணும், ரெக்சின் முதுகுலயும் தடவணும். தடவி காய விட்டுரணும். பத்து பதினஞ்சு நிமிசம். புறங்கைய வச்சுப் பாத்தா கையில ஒட்டக்கூடாது. அப்பதான் ரெண்டையும் சேக்கணும். சேத்தா விடாது. எடுத்து ஒட்டுறதுக்கெல்லாம் ரெண்டாவது வாய்ப்பு கிடையாது சார்."

நான் ஒட்டியிருந்ததை ஒரே இழுப்பில் உரித்து எறிந்தார். பழைய பசையைச் சுரண்டினார். பெட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது கூர்மையா இருக்கு. ரெக்சின் இங்கதான் முதல்ல கிழியும்" என்றார். ஓரம் எல்லாவற்றையும் அரமும் உப்புத்தாளும் வைத்து உருட்டி எடுக்கச் சொன்னார். அதற்கே அரை நாள் ஆயிற்று.

பிறகு சொன்னார்: "ஒரு பக்கம் நான் ஒட்டிக் காட்டுதேன். மத்தது நீங்கதான் ஒட்டணும் சார்."

தரையில் உட்கார்ந்தேன். நண்பர் கேள்விப்பட்டது இந்தக் காட்சியைத்தான்.

அன்று நான் கற்றுக்கொண்டவற்றைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இதில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை நீங்களே எடை போடுங்கள்.

ஒன்று. இணைப்பு எங்கே வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மேல் பக்கம், இரண்டு பக்கவாட்டு, மூன்றையும் ஒரே துண்டால் சுற்றி, அடிப்பக்கத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். அடிக்குத் தனித் துண்டு. ஆக, எந்தத் தையலும் கண்ணில் படாது. அவர் பெட்டியை ஒரு முறை பார்த்தார், கையால் ஒரு முறை சாண் போட்டார், "60 அங்குல நீளம், 14 அங்குல அகலம் ஒரு துண்டு, அடிக்கு ஒண்ணு" என்றார். நான் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். 18, 20, 18, கூட்டினால் 56. அடியில் மடிக்க இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம். சரியாக 60. பரப்பளவுக்காக நான் பெஞ்சு மேல் நிறுத்திய பையன்.

இரண்டு. ரப்பர் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால், பெரிய துண்டைக் கோணாமல் இறக்குவது எப்படி? நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் ரெக்சினைப் போட வேண்டும். காய்ந்த பசை காகிதத்தில் ஒட்டாது. நேர் பார்த்துச் சரிசெய்த பிறகு, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காற்று தப்பிக்க ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். எனக்கு வந்த மூன்று கொப்புளமும் நான்கு பக்கத்திலிருந்தும் அழுத்தியதால் வந்தவை.

மூன்று. அடியில் இரண்டு துண்டுகளும் சேரும் இடம். ஒன்றை அளந்து வெட்டி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் எப்போதும் மயிரிழை இடைவெளி தெரியும். அவர் செய்தது வேறு. இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டார். இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு மாட்டிய கத்தியால், இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. மேலே மிஞ்சிய நாடாவை எடுத்தார், கீழே மிஞ்சிய நாடாவை உருவினார், அழுத்தினார். கோடு எங்கே என்று நான் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது.

நான்கு. மூலை. இதில்தான் ஆள் யார் என்று தெரியும். ரெக்சினை ஹேர் டிரையர் காற்றில் லேசாகச் சூடாக்கினால் அது இளகும், இழுத்தால் வரும். அதிகச் சூடு பட்டால் பளபளப்பு போய் உருகிவிடும். இழுத்து, மிஞ்சிய சதையைக் கோணலாக வெட்டி, இரண்டு விளிம்பும் முட்டி நிற்கும்படி அமர்த்த வேண்டும். அதன்மேல்தான் மூலைத் தகடு. "தகடு போட்டு மறைச்சுரலாம்னு மூலைய மோசமா மடிக்கக்கூடாது சார். அடியில புடைச்சிருந்தா தகடு உக்காராது" என்றார்.

ஐந்து. முன்பக்கத் துணி. ஸ்பீக்கருக்கு முன்னால் போடுகிற துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் வைத்த கையில் காற்று தெரிய வேண்டும். காற்றுப் போகாத துணி சத்தத்தையும் அமுக்கிவிடும். அதைத் தனிச் சட்டத்தில் இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கும்போது மூலையிலிருந்து தொடங்கக்கூடாது. முதலில் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று, பிறகு எதிரெதிராக வெளியே நகர வேண்டும். இல்லாவிட்டால் நெசவுக் கோடு வளைந்து, பெட்டியே கோணலாகத் தெரியும்.

துணி போட்ட பிறகு இன்னொரு தப்பு தெரிந்தது. துணிக்குப் பின்னால் இருக்கிற பலகைக்கு நான் கறுப்பு அடிக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்தால் வெளிறிய பிளைவுட்டும் நடுவில் ஸ்பீக்கரின் வட்டமும் பேய் மாதிரி தெரிந்தன. எல்லா ஸ்டேப்ளரையும் பிடுங்கி, கறுப்பு அடித்து, காயவிட்டு, மறுபடி இழுத்தேன். இது மட்டும் கடைக்காரருக்கும் தெரியாதது. பைக் சீட்டில் இந்தப் பிரச்சினை வராதே. பேரன்தான் கண்டுபிடித்தான்.

ஆறாவதுதான் எனக்குப் பெரிய அடி. துணிச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே வெள்ளைப் பைப்பிங் ஓட்டி, மூலைத் தகடு, கைப்பிடி, அடியில் ரப்பர் புஷ் எல்லாம் மாட்டி, பேரனை வாசிக்கச் சொன்னோம். மேல் கம்பிகள் எல்லாம் சுத்தம். தடித்த ஆறாவது கம்பியைத் திறந்து தட்டினால் மட்டும் எங்கோ 'ஙொய்' என்று ஒரு நடுக்கம். அந்தக் கம்பியின் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 82. பெட்டியில் ஏதோ ஒன்று அதே 82-க்கு ஆடுகிறது. கடைக்காரர் காதை வைத்துக்கொண்டே பெட்டியின் ஒவ்வொரு இடத்தையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு போனார். பின்பலகையின் ஒரு ஓரத்தில் கை வைத்ததும் நடுக்கம் நின்றது. அந்த ஓரத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒன்றை ஒட்டித் திருகினார். முடிந்தது.

ஒத்ததிர்வு. ஆங்கிலத்தில் ரெசனன்ஸ். எத்தனையோ வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். வரையறையை எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, ஒரு வார்த்தை விட்டால் மார்க்கைக் குறைத்திருக்கிறேன். அதை உள்ளங்கையால் தேடிப் பிடிக்கலாம் என்று எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஒருவர் காட்டினார். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நான் சான்றிதழ் கொடுத்தவர்.

இப்போது தலைமையாசிரியர் நண்பரிடம் கேட்கிறேன். தரையில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டதில் எனக்கு என்ன அவமானம்?

"வெளிய என்ன போட்டா என்ன, உள்ள சரக்கு இருந்தாப் போதும்" என்பது நம் ஊரில் பெரிய தத்துவம் போலச் சொல்லப்படுகிறது. பேரனும் அதைத்தான் சொன்னான். அவனுக்கே பிடித்த ஆட்களை எடுத்துக்கொண்டு அவனிடம் வாதாடினேன். அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் கலிஃபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950-களில் அவர் கம்பெனியில் செய்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு, அந்தக் காலத்துப் பயணப் பெட்டிகளுக்குப் போடும் துணியைப் போர்த்தினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களை அந்தத் துணியின் பெயரால் 'ட்வீட்' என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற சர்க்யூட்டுக்கே மேலே போர்த்திய துணியின் பெயர்! 1960-களில் அவர்கள் 'டோலெக்ஸ்' என்ற வினைல் உறைக்கு மாறினார்கள். நம்மூர் ரெக்சினுக்கு அது பங்காளி முறை. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏ.சி. 30-ஐ அதன் முன்துணியில் இருக்கும் வைரக் கட்டத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். 1962-இல் லண்டனில் தன் பெயரில் ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கிய ஜிம் மார்ஷல், அதற்கு முன்பு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இசைக் கருவிக் கடை நடத்திக்கொண்டும் இருந்தவர். ஒரு வாத்தியார், நண்பர்களே! அவருடைய பெட்டிகள் பச்சைப் பிளைவுட்டாக மேடைக்குப் போகவில்லை. ஆட்டோவிலும் வேனிலும் ஏறி இறங்கி, மழையில் நனைந்து, ராத்திரி ராத்திரியாகத் தூக்கிப் போடப்படும் பொருளுக்கு உறையும் மூலைத் தகடும்தான் உயிர்க்காப்பு. அழகு கூடவே வருகிறது.

சரி. இந்த வேலை நமக்கு ஏன் தெரியவில்லை? இங்கேதான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது கைத்தொழில் ஒரு பாடம். தக்ளியில் நூல் நூற்றோம். அட்டை வேலை செய்தோம். பழைய நோட்டுகளைப் பிரித்து, தைத்து, காலிகோ துணி போட்டு பைண்டிங் செய்தோம். அட்டையின் மூலையில் துணியைக் கோணலாக வெட்டி, பிசிறு தெரியாமல் மடிப்பது எப்படி என்று எங்கள் கைத்தொழில் ஆசிரியர் பத்து முறை செய்யவைத்தார். கடைக்காரர் ரெக்சின் மூலையை வெட்டும்போது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. இது எனக்குத் தெரிந்த மூலை. இருபது வயதில் என் கை கற்றுக்கொண்டு, பிறகு நாற்பது வருடம் செய்யாமல் விட்ட மூலை.

ஏன் விட்டேன்? வேலைக்குச் சேர்ந்த பிறகு, கால அட்டவணையில் கைத்தொழில் என்று ஒரு பீரியட் இருந்தது. அதில் நான் கணக்கு நடத்தினேன். ஒரு நாளல்ல, வருடக்கணக்காக. ஓவியப் பீரியடையும் விளையாட்டுப் பீரியடையும் கடன் வாங்கினேன். திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் மட்டும் பீரோவிலிருந்து பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்து மேசையில் அடுக்கினோம். அதே பெட்டிகளை அடுத்த வருடமும் அடுக்கினோம். பெற்றோர்கள் பாராட்டினார்கள், "சார் ரொம்ப அக்கறையானவர், எல்லா பீரியடும் பாடம் நடத்துகிறார்" என்று. அந்தப் பாராட்டில் நானும் குளிர்காய்ந்தேன்.

என்னை மட்டும் சொல்வானேன்? 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. கையால் செய்யும் பாடத்துக்கு இந்தச் சமூகம் ஒட்டிய விலைச்சீட்டு அது. அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது முழுநேரச் சம்பளம் வாங்கிய நாம் எத்தனை பேர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்?

இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். "என்ன வாத்தியாரே, குலக்கல்வியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுகிறீரா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் தாண்ட மாட்டேன். 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். சவரத் தொழிலாளியின் மகன் சவரம், வண்ணாரின் மகன் வெளுப்பு. அக்ரகாரத்துப் பிள்ளை என்ன கற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. போனது நல்லது. அது போகாமல் இருந்திருந்தால் நானே வாத்தியார் ஆகியிருக்க மாட்டேன். என் அப்பா படிக்காதவர்.

ஆனால் அதற்குப் பிறகு நாம் செய்தது என்ன? உன் அப்பன் தொழிலை நீ செய் என்பதை எதிர்த்த நாம், எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையும் கற்க வேண்டும் என்ற இடத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கைவேலை என்பதே தோற்றுப்போனவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்று ஆக்கிவிட்டோம். படிப்பு வராதவன் டூ வீலர் கடைக்குப் போகட்டும், படிப்பு வந்தவன் நாற்காலியில் உட்காரட்டும். இதுவும் சாதிப் புத்திதான், வேறு சட்டை போட்டிருக்கிறது. என் நண்பர் அன்று "சீட்டுத் தைக்கிறவன்" என்று சொன்னபோது அந்த 'அவன்'-இல் இருந்தது அதுதான். 2020-இல் டி.எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். மேடையில் வாசிப்பவர் பெயர் ஊருக்கே தெரியும். தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, அந்த நாதத்தை உண்டாக்கிக் கொடுப்பவர் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும்? தோலைத் தொடுகிற கைக்கு ஒரு மரியாதை, தோலைத் தட்டுகிற கைக்கு வேறு மரியாதை.

நான் கேட்பது சீட்டுத் தைப்பவர் மகன் சீட்டுத் தைக்க வேண்டும் என்று அல்ல. தாசில்தார் மகளும், டாக்டர் மகனும், வாத்தியார் பேரனும் வாரத்துக்கு இரண்டு பீரியட் கத்தியும் பசையும் பிடிக்கட்டும். சீட்டுத் தைப்பவர் மகள் அதே வகுப்பில் உட்கார்ந்து பரப்பளவுக் கணக்கும் போடட்டும். 1937-இல் காந்தி வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வி வேண்டும் என்றபோது எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் கேட்டார். அதில் எனக்கு உடன்படாத பகுதிகள் உண்டு. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியை நடத்துவது என்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் கையும் மூளையும் ஒரே பிள்ளைக்குத்தான் இருக்கின்றன என்ற அடிப்படை சரியானது.

கூலி பற்றியும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் எவ்வளவு என்று கேட்டேன். "சார்ட்ட போயி..." என்று இழுத்தார். வற்புறுத்தியதும் 600 ரூபாய் சொன்னார். இரண்டு நாள், அவர் பசை, அவர் கத்தி, அவர் ஹேர் டிரையர். இதை நான் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர், "துணி ஒட்டுறதுக்கா 600?" என்றார். இதே மனிதர் கண் டாக்டரிடம் ஐந்து நிமிடத்துக்கு 500 ரூபாய் கொடுத்துவிட்டு, "நல்லா பாத்தாரு" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கும் உள்ளூர 400 என்று கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. கேட்கவில்லை. 1,000 கொடுத்தேன். 400-ஐ எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புறப்படும்போது, பழைய விஷயத்தை நானே எடுத்தேன். "அன்னைக்கு வகுப்புல உன்னைய ஒரு வார்த்தை சொன்னேன்..."

அவர் பிளேடைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மாடு மேய்க்கதா சார்? மேச்சிருக்கலாம். இப்பம் பால் விக்கிற விலைக்கு நல்லாத்தான் இருந்திருப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார். விட்டாரா என்று தெரியாது. அவர் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. பரப்பளவில் சந்தேகம் இருந்தால் அனுப்பட்டுமா என்று கேட்டார். சனிக்கிழமைதோறும் வருகிறாள். அவள் கணக்குப் போடுகிற மேசைக்குப் பக்கத்தில் என் பேரன் உட்கார்ந்து, அடுத்த பெட்டிக்கு ரெக்சின் வெட்டப் பழகுகிறான். மூன்று துண்டை வீணாக்கிவிட்டான். பரவாயில்லை, நான் 2 மீட்டர் வீணாக்கியவன்.

பணியில் இருக்கிற ஆசிரியர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் கால அட்டவணையைப் பாருங்கள். கைத்தொழில், ஓவியம், தையல் என்று எந்தப் பெயரில் ஒரு பீரியட் இருந்தாலும், அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கேட்காதீர்கள். வேறு யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். செய்யப் பொருள் இல்லை என்று சொல்ல வேண்டாம். பழைய நோட்டு, கொஞ்சம் காலிகோ, மைதாப் பசை போதும். ஒரு மூலையை மடிக்கச் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் பக்கத்துத் தெரு பைண்டிங் கடைக்காரரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அவருக்கு நாற்காலி போடுங்கள். நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள்.

தலைமையாசிரியர் நண்பருக்கு: அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். பேரன் வாசிப்பான். ஒரு மூலையை நான் ஒட்டினேன், மூன்றை அவர் ஒட்டினார். எது என் மூலை என்று தகட்டைக் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம், கொஞ்சம் புடைத்திருக்கிறது.